பின்பக்கத்தைப் பாருங்க: நாஜி காலத்து அஞ்சலட்டைகள் பற்றிச் சில குறிப்புகள்

புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் இருக்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று அங்கே நடந்த சண்டையில் செத்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்காக வைத்தவை. ஒருவர் கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப், இன்னொருவர் லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன். முதல்முறை போனபோது பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "இது என்ன பாட்டி?" என்று கேட்டேன். "வெள்ளக்காரன் சமாதிப்பா. இங்கதான் சண்ட போட்டு ஜெயிச்சானாம்" என்றார்.

ஜெயிச்சானா என்பதுதான் கேள்வி. 1781 சண்டையில் அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதினார்கள். தெளிவான முடிவு கிடையாது. இரண்டு பக்கமும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. அதற்கு முந்தைய வருஷம், 1780 செப்டம்பர் 10 அன்று, இதே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் துடைத்தெறிந்தார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனா அந்தத் தோல்வியைச் சொல்ல யாரும் இங்கே தூண் நடவில்லை. அதன் படம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கிறது. அங்கே பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார், திப்புவும் ஹைதரும் கம்பீரமாக வருகிறார்கள். இன்னும் பின்னால் போனால் ஏழாம் நூற்றாண்டு. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவர்களை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பகைவர் யாரென்று அது பெயர் சொல்லவில்லை. சாளுக்கியர் பக்கத்து ஐஹொளெ கல்வெட்டோ, பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியவைத்ததாகப் புலிகேசியைப் புகழ்கிறது. ஒரே வட்டாரம். கல்லில் ஒரு கதை, செப்பில் ஒரு கதை, சுவரில் ஒரு கதை.

இந்தத் தூணிலிருந்து ஹிட்லர் காலத்து போஸ்ட் கார்டுக்கு எப்படிப் போனேன் என்று கேட்பீர்கள். புலி வழியாகத்தான் போனேன்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியில் ஓர் இந்தியப் படை இருந்தது. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையோடு போய் ஜெர்மானியரிடமும் இத்தாலியரிடமும் மாட்டிக்கொண்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்து சேர்த்த சுமார் மூவாயிரம் பேர். அவர்கள் சட்டைக் கையில் தைத்திருந்த சின்னத்தில் மூவர்ணம், நடுவே பாயும் புலி, மேலே 'சுதந்திர இந்தியா' என்று ஜெர்மன் மொழியில் எழுத்து. அந்தப் புலி திப்புவின் புலியை நினைத்து வைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். புள்ளலூரில் ஜெயித்தவரின் புலி 160 வருஷம் கழித்து ஜெர்மனியில் துணியில் நெய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சின்னத்தின் படம் ஒன்றைத் தேடப்போய்த்தான் ஜெர்மன் பிரச்சார அட்டைகள் பக்கம் வந்து விழுந்தேன்.

முதலில் அந்த அட்டைகள் எப்படி வேலை செய்தன என்று சொல்லிடறேன். பிரச்சாரம் என்றதும் நமக்கு அரசாங்கம் காசு செலவழித்து ஒட்டும் போஸ்டர்தான் ஞாபகம் வரும். நாஜி காலத்து அஞ்சலட்டை அப்படியில்லை. அதை ஜனங்களே காசு கொடுத்து வாங்கினார்கள். வாங்கி, தபால்தலை ஒட்டி (உள்நாட்டு அட்டைக்கு 6 பெனிக், உள்ளூருக்குள் என்றால் 5), தங்கள் கையெழுத்தில் நாலு வரி எழுதி, அத்தைக்கும் மாமாவுக்கும் அனுப்பினார்கள். சர்க்கார் செய்தியைக் குடிமகன் சொந்தச் செலவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தான். இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு உண்டா?

ஹிட்லரின் தனிப் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன். மியூனிக்கில் அவர் நிறுவனம் அச்சடித்த அட்டைகள் இன்றும் சந்தையில் ஏராளம். நியூரம்பர்க்கில் வருஷாவருஷம் நடந்த கட்சி மாநாட்டுக்கு விழா அட்டை வரும். ஹிட்லரின் பிறந்தநாளான ஏப்ரல் 20க்கு வரும். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, சேர்ந்த நாட்டின் வரைபடமும் ஹிட்லர் முகமும் 'ஒரே மக்கள், ஒரே ஆட்சி, ஒரே தலைவர்' கோஷமும் போட்டு வந்த அட்டை மிகப் பிரபலம். ஏப்ரல் 10 அன்று அதற்கு வாக்கெடுப்பு என்ற பெயரில் ஒரு நாடகம் நடந்தது. அதற்குத் தனித் தபால்தலை, தனித் தபால் முத்திரை. நிறையப் பேர் அட்டையை அனுப்பக்கூட இல்லை. தபாலாபீஸில் முத்திரை மட்டும் குத்தி வாங்கி ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்கள். முகவரியே இல்லாமல் முத்திரை மட்டும் உள்ள அட்டைகள் இவ்வளவு கிடைப்பதற்கு இதுதான் காரணம். சேகரிப்பாளர்களில் பலர் 'சுத்தமா இருக்கு' என்று இவற்றுக்கு விலை கூடக் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் எழுதின அட்டைதான் மேல்.

என்னிடம் இருக்கும் நியூரம்பர்க் அட்டை ஒன்றைச் சொல்கிறேன். முன்பக்கம் கொடிகள், வரிசை வரிசையாகச் சீருடை. பின்பக்கம் பழைய ஜெர்மன் கையெழுத்து. அச்சு ஜெர்மன் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அந்தக் கையெழுத்து புரியாது. தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் படித்து வாங்கவே இரண்டு மாதம் ஆனது. விஷயம் இவ்வளவுதான்: நாள் பூரா நின்று கால் வலிக்கிறது, தங்கிய இடத்தில் படுக்கை சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன், நாயைப் பார்த்துக்கொள். தபால் முத்திரை 1935 செப்டம்பர். நாள் சரியாக விழவில்லை. 13 என்றும் படிக்கலாம், 15 என்றும் படிக்கலாம். அந்த 15ஆம் தேதிதான், அந்த மாநாட்டில்தான், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் நிறைவேறின. எழுதினவருக்குக் கால் வலி. முன்பக்கப் படம் ஆயிரம் இடத்தில் கிடைக்கும். பின்பக்கத்தில் இருக்கிற அந்தக் கால் வலி இந்த ஒரே அட்டையில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட சாமான்களை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் கேட்காத நாளில்லை. பதிலாக நான் சொல்வது பெர்லினைச் சேர்ந்த வுல்ஃப்காங் ஹானி கதையை. அவர் தாய் யூதர். நாஜி ஆட்சியைத் தாண்டிப் பிழைத்து வந்தவர். வயதான காலத்தில் யூத வெறுப்பு அஞ்சலட்டைகளைத் தேடித்தேடி வாங்கினார். தன்னையும் தன் குடும்பத்தையும் கேலி செய்து அச்சடித்த படங்களைத் தன் காசிலேயே வாங்கிச் சேர்த்தார். அவற்றை வைத்து 1999இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கண்காட்சி நடந்தது. ஹிட்லருக்கு முன்பிருந்தே, விடுமுறை விடுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் சர்வசாதாரணமாக விற்ற வெறுப்பு எப்படியிருந்தது என்பதற்கு அந்த அட்டைகளே சாட்சி. அமெரிக்காவில் லெனார்ட் லாடரும் யூதக் குடும்பத்தவர்தான். அவர் சேர்த்த அஞ்சலட்டைகள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயின, அவற்றில் இந்தப் பிரச்சார அட்டைகளும் உண்டு. ஆக, வைத்திருப்பதில் குற்றமில்லை. எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதில் நம்ம ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜெர்மனியில் அவர்கள் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவுப்படி ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்ட முடியாது. ஆராய்ச்சி, வரலாறு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் அங்கே ஒருவர் இந்த அட்டையைக் கையில் எடுத்தாலே ஒரு கூச்சத்தோடுதான் எடுப்பார். நம்ம பக்கம் ஸ்வஸ்திகா கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, கடைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. கண்டிப்பான வாத்தியாருக்கு 'ஹிட்லர்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிப்போம். கூச்சமே கிடையாது. என் அக்கா பையன் ஆல்பத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னான்: "மாமா, இவரு நல்லவருதானே? நேதாஜிக்கு ஹெல்ப் பண்ணாரு, வெள்ளக்காரன எதுத்தாரு."

கோபம் வந்தது உண்மை. ஆனா அவன் மேல் தப்பில்லை, நாம் அப்படித்தான் கதை சொல்லி வைத்திருக்கிறோம். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஹிட்லர் தன் புத்தகத்திலேயே, இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதையே விரும்புவதாக எழுதிவைத்திருக்கிறார். 1942 மேயில் அவரை நேரில் சந்தித்த சுபாஷ் சந்திர போஸ், இந்தியர்களை இழிவாகச் சொன்ன பகுதிகளைப் பற்றிக் கேட்டபோதும் நேரான பதில் வரவில்லை. இந்திய விடுதலைக்கு ஆதரவு என்று போஸ் எதிர்பார்த்த பகிரங்க அறிவிப்பும் வரவில்லை. ஆனால் அச்சு, வானொலி, சீருடை என்று பிரச்சாரத்துக்கு வேண்டியதெல்லாம் தாராளமாகக் கிடைத்தது. பெர்லினில் 1941 நவம்பரில் சுதந்திர இந்திய மையம் திறந்தார்கள். அடுத்து ஆசாத் ஹிந்த் வானொலி. அது ஒலிபரப்பிய மொழிகளில் தமிழும் ஒன்று.

அந்தத் தாராளத்தின் அச்சு வடிவம்தான் ஆசாத் ஹிந்த் தபால்தலைகள். நம் நாட்டில் நாஜி காலத்து ஜெர்மன் பிரச்சார அச்சு என்று கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் இதுதான். ஆனா யாரும் இதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. 1943இல் பெர்லினில் ரைஷ் அரசு அச்சகத்தில் அச்சடித்தவை. வரைந்தவர்கள் வெர்னர், மரியா ஃபான் ஆக்ஸ்டர்-ஹாய்ட்லாஸ் என்ற கணவன் மனைவி. அதே வருஷங்களில் ஜெர்மன் ஆட்சிக்காகத் தபால்தலையும் சுவரொட்டியும் வரைந்துகொண்டிருந்தவர்கள். மொத்தம் ஏழு வடிவங்களில் பத்துத் தலைகள். ஏர் உழும் விவசாயி, ராட்டை நூற்கும் பெண், காயம்பட்ட சிப்பாயைக் கவனிக்கும் செவிலி, அறுந்த சங்கிலியோடு இந்திய வரைபடம், கொடி பிடித்த வீரர்கள். ஒன்றில் ஒரு சீக்கியச் சிப்பாய் இயந்திரத் துப்பாக்கியைக் குறிபார்க்கிறார். அந்தத் துப்பாக்கி ஜெர்மன் எம்.ஜி.34.

லென்ஸ் வைத்துப் பாருங்க, ராட்டை நம்முடையது, துப்பாக்கி அவர்களுடையது. உயர்ந்த மதிப்பான தலையில் '1 ரூபாய் + 2 ரூபாய்' என்று போட்டிருக்கும். தபால் கட்டணம் ஒன்று, மேலே நிதிக்காக இரண்டு. இந்தக் கூட்டல் குறி ஜெர்மன் குளிர்கால நிவாரண நிதிக்கான தபால்தலைகளில் வருஷாவருஷம் வந்த அதே வழக்கம். குடிமகனே காசு கொடுத்துப் பிரச்சாரத்தைச் சுமக்கும் ஏற்பாட்டை அப்படியே ரூபாய்க்கு மாற்றியிருக்கிறார்கள்.

இவை எந்தத் தபாலாபீஸிலும் விற்பனைக்கு வரவில்லை. தற்காலிக அரசு 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது. போஸ் அதற்கு எட்டு மாதம் முன்பே, பிப்ரவரியில், நீர்மூழ்கியில் ஜெர்மனியை விட்டுப் போயிருந்தார். தபால்தலைகள் பெர்லினிலேயே தங்கிவிட்டன. ஜெர்மனியின் மிஷெல் அட்டவணை இவற்றை ஜெர்மனிப் பகுதியில் சேர்க்கிறது. நம் இந்தியத் தபால்துறையோ, சுதந்திரப் போராட்டத்தைத் தபால்தலைகள் வழியாகச் சொல்லும் தன் நூலில் இவற்றில் ஆறைச் சேர்த்திருக்கிறது. இரண்டுமே சரிதான். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ரப்பர் தோட்டத்திலிருந்து எழுந்து போய் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் உணர்ச்சி பொய்யில்லை. ஜெர்மனியில் அந்தப் புலிச் சின்னம் தைத்தவர்கள் ஹிட்லர் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் சத்தியப்பிரமாணம் எடுத்தார்கள் என்பதும் பொய்யில்லை. படையாக அவர்கள் இந்தியாவுக்கு வரவே இல்லை. ஹாலந்து, பிரான்ஸ் கடற்கரையில் காவல் நின்றார்கள். 1944 ஆகஸ்டில் அந்தப் படை வாஃபன் எஸ்.எஸ். கணக்கில் சேர்க்கப்பட்டது.

சென்னைக்காரர்களுக்கு இதில் இன்னொரு கிளை உண்டு, எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். அதன் பெயரில் ஜெர்மனி அப்புறமும் கப்பல் கட்டியது. 1925இல் வெள்ளோட்டம் விட்ட மூன்றாவது எம்டனுக்கு 1934இல் தலைவராக இருந்தவர் கார்ல் டூனிட்ஸ், ஹிட்லருக்குப் பின் ஜெர்மனியின் கடைசித் தலைவரானவர். எம்டன் அட்டை விற்பவர்கள் எல்லாவற்றையும் 'மெட்ராஸில் குண்டு போட்ட கப்பல்' என்றே சொல்லி விற்பார்கள். பழைய எம்டனுக்கு மூன்று புகைபோக்கி, மூன்றாவதுக்கு இரண்டு. எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்க.

போலிகளைப் பற்றி இப்போது சொல்லியாகணும், நானே ஏமாந்தவன். சில வருஷம் முன்னால் ஒரு கண்காட்சியில் 1938 அட்டை ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினேன். விற்றவர் பெரிய கதையெல்லாம் சொன்னார். ஊருக்கு வந்து மளிகைக்கடைக்காரரிடம் கள்ளநோட்டு பார்க்கிற நீல லைட்டை இரவல் வாங்கி அட்டையைக் காட்டினேன். பளீரென்று நீலவெள்ளையாக மின்னியது. தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர் வேதிப்பொருள்கள் போருக்குப் பின்புதான் தாளில் பரவலாக வந்தன. 1938 அட்டை அப்படி மின்னக்கூடாது, மங்கலாகக் கிடக்கணும். அசல் புகைப்பட அட்டையை லென்ஸில் பார்த்தால் நிழல் வழுவழுவென்று மாறும். மறு அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதே சமயம் அக்காலத்திலேயே அச்சடித்த அட்டையிலும் புள்ளி இருக்கும், ஆகையால் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

எழுத்து வடிவமும் உதவும். ஜெர்மனியின் பழைய உடைந்த எழுத்தை நாஜிகளே 1941 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை போட்டு ஒதுக்கினார்கள். அதை 'யூத எழுத்து' என்று ஒரு அபத்தக் காரணமும் சொன்னார்கள். அதற்குப் பிந்தைய அச்சில் சாதாரண ரோமன் எழுத்துதான் பெரும்பாலும் வரும். தபால் முத்திரையின் தேதியும், தபால்தலை வெளிவந்த தேதியும், படத்தில் இருக்கும் சம்பவமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். போலி செய்பவர்கள் முன்பக்கத்துக்குப் படும் பாட்டைப் பின்பக்கத்துக்குப் படுவதில்லை. ஆசாத் ஹிந்த் தலையில் 'பயன்படுத்தியது' என்று முத்திரையோடு யாராவது காட்டினால், காசை எடுப்பதற்கு முன் ஒரு டீ குடித்துவிட்டு யோசிங்க.

பாதுகாப்பு பற்றி நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப ஒன்றிரண்டு வார்த்தை. பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், பின்பக்கம் போச்சு. பிவிசி கவர் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். ஐப்பசி கார்த்திகையில் பீரோவைத் திறந்து பாருங்க, ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசை என்றால் உயிர். லேமினேஷன் மட்டும் கூடவே கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று ரேஷன் கார்டிலிருந்து தாத்தா கடிதம் வரை எல்லாவற்றையும் லேமினேட் பண்ணிவிடுகிறோம். அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்.

அக்கா பையன் மறுபடி வந்திருந்தான். ஆசாத் ஹிந்த் தலைகளை ஜெர்மன் ஆல்பத்தில், குளிர்கால நிவாரண அட்டைக்கு எதிர்ப்பக்கம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "சுதந்திரப் போராட்ட ஆல்பத்துல வெக்க மாட்டீங்களா மாமா?" என்றான். என்னிடம் ஒரே செட்தான், அதுவும் முழுசில்லை. அந்த ஆல்பத்தில் நகல் எடுத்து ஒட்டி, 'அசல் மற்ற ஆல்பத்தில் 14ஆம் பக்கம், அதையும் பார்க்கவும்' என்று எழுதி வைக்கச் சொன்னேன். அவனே எழுதினான். 'பார்க்கவும்' என்பதை அடித்துவிட்டு 'பாருங்க' என்று திருத்தியிருக்கிறான்.

பெர்லின் படையில் இருந்த யாராவது தமிழில் எழுதிய போர்க்கள அஞ்சலட்டை ஒன்று கிடைக்குமா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். போர்க்கள அஞ்சலுக்குத் தபால்தலை தேவையில்லை. மூலையில் அந்தப் பெயரும் ஓர் எண்ணும்தான் இருக்கும், பார்வைக்கு ஒன்றுமில்லாத அட்டை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.